இரண்டு இளஞ்சிவப்புக் கார்கள்: 2017-இல் ஃபோர்ஸ் இந்தியா அணிக்குள் நடந்த மோதல்

நிகழ்வு ஆய்வு

ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் ஒரே அணியின் இரு ஓட்டுநர்கள் ஒரு சீசனில் மீண்டும் மீண்டும் உரசிக்கொண்டதும், அணி நிர்வாகம் அதை எப்படிக் கையாண்டது என்பதும் இங்கே பதிவாகின்றன. ஓட்டுநர்களை 'மூத்தவர்', 'இளையவர்' என்றே குறிப்பிடுகிறோம். பந்தயம் பார்ப்பவர்களுக்கு யார் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பட்டிமன்றத்தில் இறங்கினால் அணியின் பிட் வாலில் (தடத்தோரம் அமர்ந்து அணி முடிவெடுக்கும் இடம்) நடந்த தவறு கண்ணில் படாமல் போய்விடும்.

பின்னணி

2017 ஃபோர்ஸ் இந்தியாவுக்குப் பத்தாவது சீசன். உரிமம் இந்தியாவுடையது, தொழிற்சாலை இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் தடத்துக்கு எதிரே. ஆள்பலம் ஏறக்குறைய 400 பேர். இதைவிட இரண்டு மடங்கு ஆளும் பல மடங்கு பணமும் வைத்திருந்த அணிகளை ஓரங்கட்டி, 2016-இல் 173 புள்ளிகளுடன் அணிகளுக்கான பட்டியலில் 4-ஆம் இடம் பிடித்திருந்தார்கள். சீசன் முடிவில் கிடைக்கும் பரிசுப் பணம் இந்தப் பட்டியலைப் பொறுத்தது. ஓட்டுநர்களில் யார் 7-ஆவது, யார் 8-ஆவது என்பதால் அணிக்கு ஒரு பைசா கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஓட்டுநருக்கோ அடுத்த ஒப்பந்தமே அதில்தான் இருக்கிறது.

மூத்தவர் 2014 முதல் இந்த அணியில் இருந்தார். 2014 பஹ்ரைன், 2015 ரஷ்யா, 2016 மொனாக்கோ, 2016 பாகு என நான்கு முறை அணிக்காக முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறியவர். டயரைத் தேய்க்காமல் நீண்ட நேரம் ஓட்டுவதில் கெட்டிக்காரர். பெரிய அணி ஒன்று எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த காலம் அது. இளையவருக்கு வயது 20. முந்தைய ஆண்டின் பிற்பாதியில் ஒரு கடைநிலை அணிக்காக 9 பந்தயங்கள் ஓட்டிய அனுபவம் மட்டும். ஆனால் மெர்சிடிஸின் ஆதரவில் வளர்ந்தவர். ஃபோர்ஸ் இந்தியா கார்களில் இருந்ததும் மெர்சிடிஸ் இன்ஜின்தான்.

இருவருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின், பெரும்பாலும் ஒரே டயர். வேகம் ஏறக்குறைய ஒன்று, பிரேக் பிடிக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்று. வேறு அணிக் காரை முந்த நேர்கோட்டு வேகமோ திருப்பத்தில் பிடிப்போ ஏதாவது ஒரு வித்தியாசம் கைகொடுக்கும். சக ஓட்டுநரிடம் அது இருக்காது. டயரின் வயது மட்டுமே வித்தியாசம், அது தீர்வதற்குள் முந்தியாக வேண்டும். போதாக்குறைக்கு 2017-இல்தான் கார்களின் அகலம் 1.8 மீட்டரிலிருந்து 2 மீட்டராகக் கூடியது. முன்டயர் 245 மில்லிமீட்டரிலிருந்து 305-க்கும், பின்டயர் 325-இலிருந்து 405-க்கும் போயின. முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றில் பின்தொடர்வது கடினமானது. முந்துவதற்கான இடம் குறைந்தது, முந்த முயன்றால் சுவருக்கும் காருக்கும் இடையே மிஞ்சும் இடைவெளியும் குறைந்தது.

சீசன் தொடக்கத்தில் அணி சொன்ன விதி ஒன்றே ஒன்று: தாராளமாகப் போட்டி போடுங்கள், மோதிக்கொள்ளாதீர்கள். இதை விதி என்று சொல்வதே தவறு என்பது நம் கருத்து. எது மோதலில் முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் யாரும் மோத மாட்டார்கள். எங்கே, எப்போது, யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாதவரை அது வெறும் வேண்டுதல்.

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மே மாதம் ஸ்பெயினில் மூத்தவர் 4, இளையவர் 5. ஒரே நாளில் 22 புள்ளிகள். விரிசல் அடுத்த மாதம் விழுந்தது.

கனடா, ஜூன் 11: கேட்டார்கள், கட்டளையிடவில்லை

மான்ட்ரியலில் 70 சுற்றுப் பந்தயம். பிற்பாதியில் ரெட் புல்லின் ரிக்கார்டோ 3-ஆம் இடத்தில், அவர் பின்னாலேயே மூத்தவர், அவருக்குப் பின்னால் இளையவர். மூத்தவர் சுற்றுக்குச் சுற்று ரிக்கார்டோவை நெருங்கினார், ஆனால் முந்த முடியவில்லை. இளையவர் முதல் செட் டயரில் நெடுநேரம் ஓடிவிட்டு, மூத்தவரைவிடப் பத்துச் சுற்றுக்கும் மேல் தாமதமாக டயர் மாற்றியிருந்தார். ஆகவே அவர் டயர் புதிது. தன்னை முன்னே விட்டால் ரிக்கார்டோவைத் தாக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டார்.

அணியும் மூத்தவரிடம் அதைக் கேட்டது. கேட்ட விதம்தான் பிரச்சினை. இதைச் செய்தால் நல்லது என்ற தொனியில் ரேடியோவில் போன கோரிக்கை அது. தானே முந்துவேன், சுற்றுப் பின்தங்கிய கார்களை ரிக்கார்டோ கடக்கும்போது வாய்ப்பு வரும், எங்களைப் போட்டி போட விடுங்கள் என்ற வகையில் பதில் வந்தது. அணி அத்துடன் விட்டுவிட்டது.

இதற்கிடையே தொடக்கத்தில் முன்சிறகு உடைந்து கூடுதலாக ஒரு முறை பிட்டுக்கு (டயர் மாற்றும், பழுது பார்க்கும் இடம்) போயிருந்த ஃபெராரியின் வெட்டல் பின்னாலிருந்து வந்து, கடைசிச் சுற்றுகளில் இருவரையும் கடந்தார். முடிவு: ரிக்கார்டோ 3, வெட்டல் 4, மூத்தவர் 5, இளையவர் 6. கோட்டைக் கடந்தபோது இரு இளஞ்சிவப்புக் கார்களுக்கும் இடையே அரை வினாடிகூட இல்லை.

5-ஆம் இடத்துக்கு 10, 6-ஆம் இடத்துக்கு 8 என அணிக்குக் கிடைத்தது 10 + 8 = 18 புள்ளிகள். இருவரும் இடம் மாறி, இளையவரால் ரிக்கார்டோவை முந்த முடியாமல் போயிருந்தாலும் இதே 18-தான். முந்தியிருந்தால் 3-ஆம் இடத்துக்கான 15-உம் சேர்ந்து 15 + 8 = 23 வந்திருக்கலாம். அதாவது இடமாற்றத்தால் அணிக்கு நஷ்டமே இல்லை, நஷ்டம் முழுக்க மூத்தவரின் சொந்தக் கணக்கில்தான் ஏறும். அதனால்தான் அவர் மறுத்தார், அவர் நிலையில் இருந்து பார்த்தால் அது நியாயமும்கூட. முயற்சி பலிக்காவிட்டால் உன் இடம் உனக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியை யாரும் அவருக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கவில்லை.

கனடாவில் எந்தக் காரும் சேதமாகவில்லை. ஆயினும் இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் என்று நாம் கருதுகிறோம். அன்று மாலை இரண்டு ஓட்டுநர்களும் ஆளுக்கொரு பாடத்தோடு வீடு திரும்பினார்கள். மறுத்தால் ஒன்றும் ஆகாது என்பது மூத்தவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் கிடைக்காது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது இளையவருக்குத் தெரிந்துவிட்டது.

பாகு, ஜூன் 25: விலை உயர்ந்த சுவர்

இரண்டே வாரம் கழித்து அஜர்பைஜான். பாகு நகரத் தெருக்களில் அமைந்த தடம், இருபுறமும் சுவர். 1-ஆவது, 2-ஆவது திருப்பங்கள் இரண்டுமே இடப்பக்கம் வளையும் 90 பாகைத் திருப்பங்கள். இப்படிப்பட்ட திருப்பத்தில் உள்பக்கம் நுழைந்த கார் வெளியேறும்போது இயல்பாகவே தடத்தின் வெளி ஓரம்வரை அகன்று போகும். வெளிப்பக்கம் இன்னொரு கார் இருந்தால் அதற்கு மிச்சம் சுவர்தான்.

ஆபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக வரிசையில் நடத்திச் செல்லும் சேஃப்டி கார் விலகி, பந்தயம் மீண்டும் தொடங்கிய நேரம். மூத்தவர் மெர்சிடிஸின் ஹாமில்டன், வெட்டல் இருவருக்கும் அடுத்தபடி ஓடிக்கொண்டிருந்தார். மறுதொடக்க நெரிசலில் இளையவர் 2-ஆவது திருப்பத்தில் அவருக்கு அருகே நுழைந்து, வெளியேறும்போது இடம் விடவில்லை. மூத்தவரின் கார் சக ஓட்டுநருக்கும் சுவருக்கும் இடையே நசுங்கியது. இளையவருக்கு டயர் பஞ்சர். தடம் முழுக்கச் சிதறல். மீண்டும் சேஃப்டி கார், பிறகு சிவப்புக் கொடி. சிதறலைப் பெருக்கி எடுக்கப் பந்தயத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அணிக்கு வயிற்றெரிச்சல். முன்னால் இருந்த ஹாமில்டனின் காரில் தலையணைத் தடுப்பு கழன்று ஆட, அதைச் சரிசெய்ய அவர் பிட்டுக்குப் போனார். ஹாமில்டன்மீது வேண்டுமென்றே இடித்ததற்காக வெட்டலுக்கு 10 வினாடி நின்று செல்லும் தண்டனை. இருவரும் வரிசையில் கீழே இறங்கினார்கள். வென்றவர் ரிக்கார்டோ, ஒரு கட்டத்தில் 17-ஆம் இடம்வரை சரிந்திருந்தவர். 3-ஆம் இடம் வில்லியம்ஸ் அணியின் புதுமுகத்துக்கு. டயர் மாற்றிக்கொண்டு திரும்பிய இளையவர் 6-ஆவதாக வந்தார், 8 புள்ளிகள். மூத்தவர் பந்தயத்தை முடிக்கவில்லை.

வெற்றி கைநழுவியது என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்றைய பந்தயத்தில் எதுவும் நடந்திருக்கலாம். ஆனால் இரு கார்களும் உடையாமல் 3-ஆவதாகவும் 4-ஆவதாகவும் வந்திருந்தாலே 15 + 12 = 27 புள்ளிகளும் ஒரு கோப்பையும். கிடைத்தது 8.

இளையவருக்குத் தண்டனை ஏதும் இல்லை, பந்தயத்தில் சகஜமாக நடப்பது என்றே கொள்ளப்பட்டது. விதிப்புத்தகப்படி அது சரி. அணிக்குள்ளும் அதே அளவுகோலை வைத்ததுதான் பிசகு. பந்தய நடுவர்களான ஸ்டூவர்ட்கள் பார்ப்பது யார் குற்றம் என்பதை. அணி பார்க்க வேண்டியது இந்த இடத்தில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போகவே வேண்டுமா என்பதை. பாகுவுக்குப் பிறகு பேச்சு நடந்தது, எச்சரிக்கை தரப்பட்டது. ஆனால் போட்டி போடும் சுதந்திரம் அப்படியே நீடித்தது. ஜூலை இறுதியில் ஹங்கேரியில் முதல் சுற்றிலேயே மீண்டும் ஓர் உரசல். அங்கே 8, 9-ஆவது இடங்கள் கிடைத்ததால் அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய ஆகியிருந்தால் ஸ்பாவில் நடந்தது அங்கேயே நடந்திருக்கும்.

ஸ்பா, ஆகஸ்ட் 27: ஒரே இடம், இரண்டு முறை

பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் முதல் திருப்பம் லா சூர்ஸ், வலப்பக்கம் வளையும் கொண்டைத் திருப்பம். அதைத் தாண்டியதும் சரிவில் இறங்கும் குறுகிய நேர்பாதை, அதன் அடியில் இடப்பக்கம் வளையும் ஓ ரூஜ். ஓ ரூஜுக்குள் சரியாக நுழைய வேண்டுமானால் அந்தச் சரிவில் கார் வலப்பக்கம் ஒதுங்கி வர வேண்டும். வலப்பக்கம் பழைய பிட் பகுதியின் சுவர். லா சூர்ஸிலிருந்து யார் சற்றுச் சீக்கிரம் ஆக்சிலேட்டரை மிதிக்கிறாரோ அவர் முன்காரின் பின்னிழுவையில் (முன்காருக்குப் பின்னால் காற்றுத் தடை குறைந்த பகுதி) சிக்கி வேகமெடுத்து, இயல்பாகவே வலப்பக்கம் தலைநீட்டுவார். முன்னால் இருப்பவரும் ஓ ரூஜுக்காக வலப்பக்கம் வருவார். இருவரும் ஒரே துண்டு நிலத்துக்குப் போட்டியிடுகிறார்கள், வேகமோ கண நேரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

முதல் சுற்றில் சரியாக இதுதான் நடந்தது. மூத்தவர் வலப்பக்கம் நகர்ந்தார், இளையவர் சுவருக்கும் காருக்கும் நடுவே மாட்டினார். தொட்டுக்கொண்டன, ஆனால் இரண்டும் தப்பின. பக்கத்தில் இளையவர் இருந்தது தெரியவில்லை, அது தன் தவறு என்று மூத்தவர் பின்னர் ஒப்புக்கொண்டார். நம்பக்கூடிய விளக்கம்தான். கண்ணாடி சிறியது, முதல் சுற்றில் கவனம் நாலு பக்கமும் சிதறும்.

இரண்டாம் முறைக்கு அந்த விளக்கம் செல்லாது. 44 சுற்றுப் பந்தயத்தில் 30-ஆவது சுற்றை ஒட்டி, அதே சரிவு, அதே சுவர், அதே இருவர். இளையவரின் முன்சிறகின் இடது முனை மூத்தவரின் வலது பின்டயரைக் கிழித்தது. முன்சிறகின் முனை எவ்வளவு கூர்மையானது என்பதும், சுழலும் பின்டயரின் பக்கச்சுவர் எவ்வளவு மெல்லியது என்பதும் இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரியும். இதைவிட மோசமானதும் நடந்திருக்கலாம். முன்டயர் பின்டயரில் ஏறியிருந்தால் கார் பறக்கும், அதுவும் சுவருக்குப் பக்கத்தில், ஓ ரூஜ் மேட்டுக்கு முன்னால்.

இடத்தின் கொடுமை இன்னொன்று. ஸ்பாவின் ஒரு சுற்று 7 கிலோமீட்டர், அந்த சீசனின் தடங்களிலேயே நீளமானது. பிட் நுழைவு சுற்றின் கடைசியில். முதல் திருப்பத்தைத் தாண்டியதும் பஞ்சர் என்றால் கிட்டத்தட்ட முழுச் சுற்றையும் கிழிந்த டயரோடு நொண்டிக்கொண்டு வர வேண்டும். அந்த ரப்பர் சவுக்குபோல் அடித்துக் காரின் அடித்தட்டைச் சிதைத்துவிடும். மூத்தவரின் கார் முடிவில் விலகியது, 17-ஆவதாகக் கணக்கில் வந்தது. புது முன்சிறகோடு தொடர்ந்த இளையவர் 9-ஆவது. அணிக்கு மொத்தம் 2 புள்ளிகள். சிதறலால் சேஃப்டி கார் வந்து மற்றவர்களின் பந்தயமும் மாறியது.

அன்று மாலையே இளையவர் சமூக ஊடகத்தில், சக ஓட்டுநர் தன்னை இரண்டு முறை கொல்லப் பார்த்தார் என்கிற அளவுக்குப் பதிவிட்டார். உட்கார்ந்து காணொளியைப் பார்த்துப் பேசுவதற்கு முன்பே சண்டை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

எடுத்த முடிவும் காரணமும்

அணியின் தலைவர் விஜய் மல்லையா அப்போது இங்கிலாந்திலேயே இருந்தார், வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போக முடியாத நிலை. ஸ்பா முடிந்ததும் அவர் பெயரில் அறிக்கை வந்தது: இனி அணிக் கட்டளை அமலாகும், வேறு வழியில்லை. காரணங்களாக முன்வைத்தவை இரண்டு, பாதுகாப்பும் அணியின் நலனும். அதுவரை ஓட்டுநர்கள் கையில் இருந்த முடிவு பிட் வாலுக்கு மாறியது. யார் முன்னே, யார் பின்னே என்பதை இனி அணி சொல்லும். மறுபடி சுதந்திரம் வேண்டுமானால் முதலில் 4-ஆம் இடம் உறுதியாக வேண்டும்.

அணிக் கட்டளை என்றாலே ரசிகர்களுக்குக் கசப்பு. 2002 ஆஸ்திரியாவில் ஃபெராரி வெற்றிக் கோட்டருகே இடம் மாற்றியதில் எழுந்த எதிர்ப்பால் அது தடை செய்யப்பட்டது. தடை இருந்தபோதே 2010 ஜெர்மனியில் ஃபெராரி மறைமுகச் செய்தி மூலம் அதையே செய்து 1,00,000 டாலர் அபராதம் கட்டியது. அமல்படுத்த முடியாத விதி என்று கண்டு 2011-இல் தடையை எடுத்துவிட்டார்கள். ஆக ஃபோர்ஸ் இந்தியா செய்தது சட்டப்படி சரி. ஜூன் மாதம் செய்திருக்க வேண்டியதை ஆகஸ்டில் செய்தார்கள் என்பதே குறை.

பின்விளைவு

ஸ்பாவுக்குப் பிறகு மிஞ்சியவை 8 பந்தயங்கள். அவற்றில் இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளவில்லை. விலை கொடுத்தது இந்த முறை மூத்தவர். அக்டோபரில் ஜப்பானில் இளையவர் 6, மூத்தவர் 7. அமெரிக்காவின் ஆஸ்டினில் தன் வேகம் அதிகம், முன்னே விடுங்கள் என்று மூத்தவர் கேட்டார், அனுமதி கிடைக்கவில்லை. முடிவு இளையவர் 6, மூத்தவர் 8. நான்கு மாதத்துக்கு முன் கனடாவில் தான் சொன்ன மறுப்பை இப்போது அவரே கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது.

மெக்சிகோவில் அணியின் 4-ஆம் இடம் உறுதியானது. சீசன் முடிவில் மூத்தவர் 100, இளையவர் 87, மொத்தம் 187 புள்ளிகள். 5-ஆவதாக வந்த வில்லியம்ஸுக்கு 83. இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். உள்சண்டை அணியின் தரவரிசையைத் தொடவே இல்லை. அப்படியென்றால் எதற்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். 104 புள்ளி வித்தியாசம் என்பது சீசன் முடிந்தபின் தெரிந்த கணக்கு. இழந்துபோன வாய்ப்பு பாகுவின் கோப்பை. சிறிய அணிக்கு அப்படி ஒரு நாள் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் அதிசயம். 2017-இல் அவர்களில் ஒருவர்கூட மேடை ஏறவில்லை.

கட்டளைக்கு முன் 12 பந்தயங்களில் 103 புள்ளிகள், பின் 8 பந்தயங்களில் 84. சராசரி 8.6-இலிருந்து 10.5-க்கு ஏறியது. இதைக் கட்டளையின் வெற்றி என்று யாராவது காட்டினால் அப்படியே நம்ப வேண்டாம். தடங்கள் வேறு, கார் மேம்பாடு வேறு, எதிரணிகளின் கோளாறுகள் வேறு. மோதல் நின்றது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு

2018-இல் சுதந்திரம் திரும்பியது. ஜூலை இறுதியில் கடன் நெருக்கடியால் அணி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்பில் போய், புது முதலீட்டாளர் குழு வாங்கி, ரேசிங் பாயின்ட் ஃபோர்ஸ் இந்தியா என்ற பெயரில் ஆகஸ்டில் ஸ்பாவுக்கு வந்தது. சேர்த்த 59 புள்ளிகளும் அழிக்கப்பட்டு பூஜ்யத்திலிருந்து தொடக்கம். மழையில் நடந்த, தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச்சுற்றில் இளையவர் 3, மூத்தவர் 4. முதல் சுற்றில் கெமல் நேர்பாதையில் ஹாமில்டன், வெட்டல், இவர்கள் இருவர் என நான்கு கார்கள் அகலவாக்கில் வரிசைகட்டின. முந்தைய ஆண்டை நினைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். இளையவர் பின்வாங்கினார், யாரும் யாரையும் தொடவில்லை. 5, 6-ஆவது இடங்கள், 18 புள்ளிகள்.

மூன்று வாரத்தில், செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூரில், அந்த அமைதி கலைந்தது. முதல் சுற்று, 3-ஆவது திருப்பம், வெளிப்பக்கம் இளையவர், அகன்று வந்த மூத்தவர், சுவர். இளையவரின் பந்தயம் அங்கேயே முடிந்தது. மூத்தவர் பிறகு வேறொரு காரை இடித்துத் தண்டனை வாங்கி 16-ஆவதாக வந்தார். புள்ளி பூஜ்யம். அணி மீண்டும் கட்டளையைக் கொண்டுவந்தது. ஆண்டு முடிவில் மூத்தவர் தங்கினார். இளையவரின் இருக்கை முதலீட்டாளரின் மகனுக்குப் போனது. 2019 முழுக்க அவர் மெர்சிடிஸில் மாற்று ஓட்டுநராக உட்கார்ந்திருந்தார்.

என்ன மாற வேண்டும்

2017-இன் கட்டளை பட்டியலில் இடம் உறுதியாகும்வரை என்று கெடு வைத்தது. அதனால் கெடு தீர்ந்ததும் எதுவும் மிஞ்சவில்லை. ஆபத்து புள்ளிப் பட்டியலில் இல்லை, தடத்தின் குறிப்பிட்ட இடங்களில் இருக்கிறது. லா சூர்ஸ் சரிவு, பாகுவின் 2-ஆவது திருப்பம், சிங்கப்பூரின் 3-ஆவது திருப்பம்: மூன்றிலும் ஒரு சுவர், கார் இயல்பாக அந்தச் சுவரை நோக்கி அகலும் கோடு, நெரிசலான தருணம். வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு முன் தட வரைபடத்தில் இப்படிப்பட்ட இரண்டு மூன்று இடங்களைக் குறித்து, அங்கே சக ஓட்டுநருக்கு அருகில் நுழையக்கூடாது, நுழைந்துவிட்டால் ஒரு கார் அகலம் விட்டே ஆக வேண்டும் என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கலாம். மற்ற எல்லா இடங்களிலும் போட்டி இருக்கட்டும். ரசிகனுக்கும் அதுதான் வேண்டும்.

இடமாற்றத்துக்கு நல்ல உதாரணம் அதே 2017-இல், ஹங்கேரியிலேயே இருந்தது. மெர்சிடிஸில் பொட்டாஸ் 3-ஆம் இடத்தைப் பின்னால் இருந்த ஹாமில்டனுக்கு விட்டார், ஃபெராரியைத் தாக்கிப் பார்க்க. ஹாமில்டனால் முடியவில்லை. பொட்டாஸ் சில வினாடிகள் பின்தங்கியிருந்தும், சாம்பியன்ஷிப் போட்டியில் 3 புள்ளி போனாலும், கடைசித் திருப்பத்தில் ஹாமில்டன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். கனடாவில் மூத்தவருக்கு இந்த உறுதி இருந்திருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. மறுப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்திருக்காது. ஏற்பாட்டில் இருக்க வேண்டியவை: எத்தனை சுற்று அவகாசம், எந்த நேர்பாதையில் மாற்றம், எங்கே திருப்பித் தருவது, நடுவில் வேறு அணிக் கார் புகுந்துவிட்டால் என்ன. கடைசிக் கேள்விக்குக் கனடாவில் வெட்டலே உதாரணம். அப்படி ஆனால் திருப்பித் தர முடியாது, அந்த இழப்புக்கு ஈடாக அடுத்த பந்தயத்தில் பிட் முன்னுரிமை (முதலில் டயர் மாற்றும் உரிமை போன்றவை) என்று முன்பே எழுதி வைக்கலாம்.

ரேடியோவில் கோரிக்கைக்கும் கட்டளைக்கும் வேறு வேறு வாசகம் வேண்டும். கட்டளை வாசகத்தை, ஓட்டுநரோடு ரேடியோவில் பேசும் ரேஸ் இன்ஜினியர் தன் வாயால் மென்மையாக்கக்கூடாது. அவர் தினமும் அந்த ஓட்டுநரோடு வேலை செய்பவர், அவருக்குச் சங்கடம் இருக்கும். ஆகவே பிட் வாலில் பொறுப்பாளர் ஒருவர் நேரடியாகச் சொல்வதே நல்லது.

பந்தயம் முடிந்த சில நிமிடங்களில் ஓட்டுநர் பேட்டி மேடைக்குப் போகிறார், அணியின் உள்கூட்டம் அதற்குப் பிறகுதான். ஸ்பாவில் கொலைப் பேச்சு வெளியே வந்த இடைவெளி இது. இருவர் காரிலும் உள்ள கேமராக் காட்சி, ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலேட்டர் பதிவுகள் எல்லாம் அப்போதே பிட் வாலில் இருக்கும். இரண்டு நிமிடக் காட்சியைக் காட்டிவிட்டு, இன்று மோதலைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்ற ஒரே வரியோடு அனுப்பலாம்.

மீறினால் என்ன என்பதுதான் கடைசியும் கடினமானதும். பண அபராதம் உதவாது, ஓட்டுநரின் சம்பளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு பந்தயம் உட்கார வைப்பது அணிக்கே நஷ்டம். மிஞ்சுவது பிட் முன்னுரிமை: யார் முதலில் டயர் மாற்றுவது, தகுதிச்சுற்றில் யார் பின்னிழுவை பெறுவது, புதிய பாகம் ஒன்றே ஒன்று வந்தால் யார் காரில் பொருத்துவது. இவை மூன்றும் ஓட்டுநருக்கு நேரடியாக வலிக்கும், அணியின் மொத்தப் புள்ளிக்கு அதிகம் இடிக்காது. மீறியவருக்கு அடுத்த இரண்டு பந்தயங்கள் இந்த முன்னுரிமை கிடையாது என்று சீசன் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். மோதல் நடந்தபின் சேர்த்தால் ஒருவருக்கு எதிரான தண்டனையாகவே அது படிக்கப்படும்.